மீசை அக்காவின் பெயர்

தேவி, நேற்று சாயங்காலம் நீ செருப்பைக்கூட சரியாக மாட்டாமல் என் வாசலிலிருந்து இறங்கிப் போனாய். தெருமுனையில் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி ஏறும்வரை நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நீ திரும்பி வந்திருப்பாய், நான் பேச ஆரம்பித்திருப்பேன், நீ பாதியில் வெட்டியிருப்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம், என்னிடமிருந்து வந்ததுதான். அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனால் காகிதத்தின் குறுக்கே யாரும் பேச முடியாது. கடைசி வரைக்கும் படி.

நீ வந்து அழுதது அந்தக் காலத்தில் பாட்டுக் குழு நடத்தின லோகநாதன் மாஸ்டருடைய எண்பதாம் கல்யாணத்துக்காக. மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது, மாலை முழுவதும் நேரடி இன்னிசை என்று அதில் தங்க எழுத்தில் அடித்திருக்கிறார்கள். அந்த இன்னிசைக்குப் பொறுப்பு நீ. ஆனால் மேடையில் ஏற்ற உனக்கு ஆள் இல்லை. எந்தக் குழுவுக்குப் போன் போட்டாலும் அந்த ஞாயிறு தேதி அடைத்தாயிற்று என்கிறான். வெளியூர்க் குழுவும் கூட்டிவர முடியாது, தான் ஆளாக்கின பசங்கள்தான் தனக்கு வாசிக்க வேண்டும் என்று மாஸ்டர் ஒரே பிடியாக நிற்கிறார். பாட்டு இல்லாமல் அந்த மண்டபம் மொட்டையாக நின்றால் இனிமேல் இந்த ஊரில் உன்னை நம்பி யாரும் ஒரு மைக் செட்டுகூடப் பேச மாட்டார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஒரே நாள்ல எப்பிடிம்மா ஊருக்கே காதுகுத்து வரும்?" என்று கேட்டாய். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

எப்படி வரும் என்று இப்போது சொல்கிறேன். நான் வரவைத்தேன்.

தேங்காய்த்திட்டில் ஒரு படகுக்காரர் வீட்டில் பேரப்பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. மீன் ஏலத்தில் அந்த அம்மாவைப் பார்த்து, அந்த ஞாயிறு நல்ல நாள், குழுவை நான் பேசித் தருகிறேன் என்று கூடை இடுப்பில் இருக்கும்போதே முடித்தேன். சாரத்தில் ஒரு புதுமனைப் புகுவிழாவை முந்தின வாரம் வைக்க இருந்தார்கள், பெயின்ட் காயட்டும் என்று தள்ளிப்போட வைத்தேன். நெல்லித்தோப்பில் ஒரு மஞ்சள் நீராட்டு. தவளக்குப்பத்தில் செல்போன் கடை திறப்பு. ஞாயிற்றுக்கிழமை எவனாவது கடை திறப்பானா என்று அவன் கேட்டான். பாட்டு வைத்தால் ஞாயிற்றுக்கிழமைதான் சனம் நின்று கேட்கும் என்றேன், தலையாட்டினான். எதுவும் பொய்யில்லை. எல்லாம் நடக்க வேண்டிய விசேஷம்தான், நாளை மட்டும் நான் நகர்த்தி வைத்தேன்.

பிறகு ஒவ்வொரு குழுவின் வீட்டுக்கும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு நானே நேரில் போனேன். நீ அவர்களுக்கு முன்னமே போனில் செய்தி அனுப்பியிருந்தாய். கட்டைவிரல் படம் திரும்பி வந்திருக்கிறது. அதோடு தேதி முடிந்தது என்று நினைத்துவிட்டாய். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒயிட் டவுன் ஓட்டல்களுக்குக் கிட்டார்க்காரர்களைப் பிடித்துப் பிடித்துக் கொடுத்து உனக்கு நம் பக்கத்து முறை மறந்துபோயிற்று. இங்கே வெற்றிலை வாங்கினால்தான் தேதி. வாங்கின வெற்றிலையை விட்டுவிட்டு வேறு மேடை ஏறினவனை ஆடி மாதம் ஒரு கோயிலும் கூப்பிடாது. இதை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். டிரம் அடிக்கிற பையன் ஒருத்தன் மட்டும் தயங்கினான். "ஆயா, அன்னைக்கு மாஸ்டர் விசேஷமாச்சே, தேவி அக்கா சொல்லிச்சே" என்றான்.

"வெத்தல வாங்குனியா?"

"இல்ல ஆயா. மெசேஜுதான்."

"அப்ப இத வாங்கு."

வாங்கிக்கொண்டான். மாஸ்டர் வீட்டில் உனக்குக் கொடுத்த வெற்றிலையை மட்டும் நீ இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறாய். அது எனக்குத் தெரியும்.

பெற்ற மகள் பிழைப்பில் மண் அள்ளிப் போடுவாளா ஒருத்தி என்று இந்நேரம் உனக்கு வயிறு எரியும். எரியட்டும், ஆனால் படி. அந்த விசேஷத்தை நீ பிடித்துவிட்டதாகச் சொன்ன அன்றைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். தொழில் என்றால் பிடிக்காதவன் வீட்டுக்கும் பாட வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பத்து நாள் கழித்து உன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாயே, அன்றைக்குத்தான் எல்லாம் திரும்பியது. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "யம்மா, மாஸ்டர் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. அந்தக் காலத்துல தவளக்குப்பத்துல பண்ண சேலை காமெடிய மறுபடியும் போடணுமாம். மீசை அக்காம்மா! நான்கூட பாத்தேன்ல?" என்றாய். அதற்கு ஒரு ஆளையும் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய். பிறகு உன் மகனுக்கு அந்தக் கதையைத் திரும்பவும் சொன்னாய். மீசை வைத்த ஒரு அக்கா நீலப் புடவை கட்டிக்கொண்டு மேடையில் பாடினாள், பாடும்போதே கொசுவம் தடுக்கி விழுந்தாள், திடலே சிரித்தது, நீ சிரித்துச் சிரித்து ஆயா மடியிலேயே மூத்திரம் போய்விட்டாய் என்று. உன் மகன் என்னைப் பார்த்து, "நெசமாவா ஆயா?" என்று கேட்டான். நெசம்தான் என்றேன்.

நெசம்தான் தேவி. அந்த மீசை அக்கா உன் அப்பா.

இந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வா.

உன் அப்பா மில்லில் தறி ஓட்டினவர் என்று உனக்குத் தெரியும். லோகநாதன் குழுவில் கொஞ்ச நாள் இருந்தார், தொண்டை கெட்டுப்போய் விட்டுவிட்டார் என்றும் தெரியும். அவர் அந்தக் குழுவில் என்ன செய்தார் என்று தெரியாது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் பெண்பிள்ளையை மேடை ஏற்ற மாட்டார்கள். பெண் பாட வேண்டிய பாட்டை யாராவது ஒரு ஆண் பெண் குரலில் பாட வேண்டும். லோகநாதன் குழுவில் அதைப் பாடினது உன் அப்பா. மில்லில் அவரை மீசையை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள், அவ்வளவு அடர்த்தி. அந்த மீசைக்குக் கீழேயிருந்து பதினாறு வயதுப் பெண்ணின் குரல் வரும். வெளியே ஆள் தெரியக்கூடாது என்று லோகநாதன் அவரை ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருப்பார். மைக்கில், இப்போது பாடியவர் குமாரி மல்லிகா என்பார். உன் அப்பா பெயர் ஒரு நாளும் அந்த மைக்கில் வந்ததில்லை. அவரும் கேட்டதில்லை. பாடக் கிடைத்தால் போதும் அவருக்கு.

ஒரு தடவை சொல்தா வீட்டுக் கல்யாணம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற பெரிய குடும்பம், வீடு முழுக்க லைட். அந்த வீட்டு எஜமானியம்மா, மதாம் என்போம், பாட்டைக் கேட்டுவிட்டு, இந்தப் பெண்ணுக்கு நானே என் கையால் பூ வைக்கணும் என்று மல்லிகைப் பந்தோடு ஸ்பீக்கருக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். வந்து பார்த்தால் ஸ்டூலில் மீசை. அந்த அம்மா ஒரு நிமிஷம் திகைத்து நின்றார்கள். பிறகு பூவை அவர் கையிலேயே வைத்து, குரலுக்குத்தான் கொண்டுவந்தேன், குரல் உங்களுடையதுதானே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உன் அப்பா அந்தப் பூவை வாழை இலையில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "எனக்கு வந்த பூ. வெக்க எடமில்ல, நீ வெச்சுக்க" என்றார். வைத்துக்கொண்டேன். அதற்கு அப்புறம் எத்தனையோ பூ வைத்திருக்கிறேன், அந்த வாசனை இன்னொன்றில் வரவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் லோகநாதனுக்குக் கடலூரிலிருந்து ஒரு பெண் கிடைத்தாள், மேடையில் நின்று பாடுகிற பெண். இனிமேல் நீ வேண்டாம் என்று உன் அப்பாவிடம் அவர் நேராகச் சொல்லியிருக்கலாம். இவரும் சரி என்று வந்திருப்பார். சொல்லவில்லை. தவளக்குப்பம் திருவிழாவுக்கு வழக்கம்போல வந்துவிடு என்றார். அன்றைக்கு மத்தியானம் என் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். புதுப் பெண் மேடைக்குக் கட்ட நல்ல புடவை இல்லாமல் வந்துவிட்டாள், அண்ணி ஒன்று கொடுத்து உதவுங்கள் என்று. என்னிடம் நல்லது என்று இருந்தது ஒன்றே ஒன்று, என் அம்மா வளைகாப்புக்கு எடுத்துக்கொடுத்த மயில் கழுத்து நிறப் பட்டு. நம் குழு மேடையாச்சே என்று மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கடலூர்ப் பெண் பாடினாள், தன் சொந்தப் புடவையில்தான் நின்றாள். நல்ல புடவைதான். எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. நாலைந்து பாட்டு போனதும் லோகநாதன் மைக்கைப் பிடித்து, இத்தனை வருஷம் உங்களை மயக்கிய குமாரி மல்லிகாவை இன்று நேரிலேயே பாருங்கள் என்றார். திரைக்குப் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டது போல ஒரு உருவம் வந்து நின்றது. எனக்கு முதலில் புடவைதான் அடையாளம் தெரிந்தது. அதற்கப்புறம்தான் புருஷன் தெரிந்தார்.

தலையில் சவுரி, கன்னத்தில் சிவப்பு, உதட்டுக்கு மேலே அந்த மீசை. திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பிறகு எனக்குச் சொன்னார். கட்ட மாட்டேன் என்றிருக்கிறார். கட்டாவிட்டால் வெளியே நிற்கிற சனம் மேடையைப் பிரித்துவிடும், குழுவின் சோற்றில் மண் விழுந்தால் அது உன்னால்தான் என்று லோகநாதன் சொல்லியிருக்கிறார். இவர் கட்டிக்கொண்டார். அப்படியும் நன்றாகப் பாடிவிட வேண்டும் என்றுதான் பாடினார் தேவி. முதல் வரியை எடுத்தபோது திடல் ஒரு நொடி அமைதியாகக்கூட ஆனது. லோகநாதனுக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து கொசுவத்தை மிதித்தார். நான் பார்த்தேன், அவர் காலைப் பார்த்தேன். வெள்ளைச் செருப்பு. இவர் குப்புற விழுந்தார். திடல் சிரித்தது. நீயும் சிரித்தாய். மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும், கை தட்டிச் சிரித்தாய். மடி நனைந்தது நெசம்தான்.

வீட்டுக்கு வந்து அந்தப் புடவையை அவரே நீவி, மடித்து, என் கையில் கொடுத்தார். "புள்ளைக்குத் தெரிய வேணாம். அது சந்தோசமா சிரிச்சுது, அப்பிடியே இருக்கட்டும்" என்றார். உன் தலைமேல் என் கையை வைத்து வாக்கு வாங்கினார். அதற்கப்புறம் அவர் பாடவில்லை. பிறகு பிறந்த உன் தம்பிக்குத் தாலாட்டுகூடக் கிடையாது. ஆனால் கடைசி வரைக்கும் ஐஸ் தண்ணீர் குடிக்க மாட்டார், தொண்டைக்கு ஆகாதாம். நீ பெரியவளாகி அந்த மீசை அக்கா கதையைச் சொல்லும்போதெல்லாம் அவரும் கூடச் சிரித்தாரே, ஞாபகப்படுத்திப் பார். சிரித்து முடித்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்து போவார். மழை பெய்கிற நாளில்கூடப் போவார். காலேஜ் விழாவுக்கு அந்த மயில் கழுத்துப் புடவையைக் கேட்டாய், நான் உன் கன்னத்தில் அறைந்தேன். ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

அம்மா எப்படி விசேஷ வீடுகளுக்குக் குழு பேசித் தருகிற இந்தத் தொழிலுக்கு வந்தாள் என்று பேட்டி எடுக்க வந்தவர்களிடம் நீ என்னவெல்லாமோ சொல்லியிருக்கிறாய், இசை மேல் உள்ள ஆசை என்று. ஆசையும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த ஊரில் பாட்டு வேண்டும் என்பவன் லோகநாதன் வீட்டு வாசலுக்குப் போகாமல் என் வாசலுக்கு வர வேண்டும், அதுதான் நான் நினைத்தது. குழுக்காரர்களுக்குச் சோறு போட்டேன். தேதிக்குத் தேதி மோதிக்கொண்டு நின்றால் நடுவில் புகுந்து பிரித்துவிட்டேன். கோயில் கமிட்டி, சர்ச் திருவிழா, கல்யாண வீடு என்று ஒவ்வொன்றாக அவரிடமிருந்து பிடுங்கினேன். அவர் குழுவில் வாசித்தவர்கள் ஒவ்வொருத்தராக என் பக்கம் வந்தார்கள். அவர் கையில் மிஞ்சியது வெறும் மரியாதை மட்டும்தான். அதைப் பிடுங்க எனக்கு வழி தெரியாமல் இருந்தது.

உன் அப்பா போன அன்றைக்கு அந்த ஆள் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு நின்று, "நல்லா காமெடி பண்ணுவான், பாவம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். நீ அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாய். உனக்குத் தெரியாது, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதே ஆள் எண்பது வயதில் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்து, அந்தச் சேலையை, அந்த விழுதலை, இன்னொரு தடவை பார்த்துச் சிரிக்க வேண்டும் என்கிறார். அதையும் என் மகள் கையால் கேட்கிறார். உன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அவர் இருக்கிற வரைக்கும்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மேலே போய் அவருக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இனி நடக்க வேண்டியதைக் கேள். முத்தியால்பேட்டைப் பசங்கள் குழுவுக்கும் நான் வெற்றிலை கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர்களை எந்த வீட்டுக்கும் பேசவில்லை. எந்த விசேஷம் ஆயா என்று கேட்டார்கள், அன்றைக்குச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் மாஸ்டர் மண்டபத்துக்கு வருவார்கள். கீபோர்டு, டிரம், எல்லாம் இறக்கி, வயர் இழுத்து, மேடையில் உட்காருவார்கள். யாரும் ஒரு குச்சியைத் தொட மாட்டார்கள். முதலில் மைக்கை மாஸ்டர் கையில் கொடு. குமாரி மல்லிகா என்று யாரும் இல்லை, அது இன்னாருடைய குரல் என்று உன் அப்பாவின் பெயரை அவர் சொல்ல வேண்டும். புடவை கட்ட வைத்தது நான், கொசுவத்தை மிதித்தது நான் என்று சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் எவ்வளவு பெரிய மனுஷன் பாரு என்று ஊர் சொல்லிவிடும். நடந்ததை மட்டும் சொல்லட்டும். சொன்னால் கச்சேரி நடக்கும், உன் பேர் நிற்கும், அன்றைக்கு ஊரிலேயே நல்ல கச்சேரி அதுவாகத்தான் இருக்கும். சொல்ல மாட்டேன் என்றால் பசங்கள் அத்தனை பேர் முன்னாலும் வயரைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். பெண்டாட்டி, பிள்ளை, சம்பந்தி எல்லாரும் பார்க்க அந்த மேடை வெறிச்சென்று நிற்கட்டும்.

அந்தப் புடவையை அவருக்கே கட்டிவிட்டால் என்ன என்று பல நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கிழவன் கால் தடுக்கினால் பாவம் என்று நாலு பேர் சொல்வார்கள். உன் அப்பாவுக்கு அவர் போட்ட வார்த்தை அது. அது அவருக்குக் கிடைக்கக் கூடாது. புடவையை நான் கட்டிக்கொள்கிறேன். பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் காய வைத்திருக்கிறேன். முன் வரிசையில் நடுவில் எனக்கு நாற்காலி போடு. அவர் மைக்கைப் பிடித்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த மயில் கழுத்து நிறமாகத்தான் இருக்க வேண்டும்.

உனக்கு வேறு வழியும் இருக்கிறது. அவர் வீட்டு வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், பேர் கெட்டாலும் மெதுவாகத் தேறிக்கொள்ளலாம். எது என்று நீ முடிவு செய். ஆனால் போனில் சொல்லாதே, கட்டைவிரல் படம் அனுப்பாதே. பசங்கள் வேண்டும் என்றால் ஊருக்கெல்லாம் உள்ள முறைதான் உனக்கும். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வா, வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த ஆள் வேண்டுமென்றே பெயர் மறந்துபோயிற்று என்பார். அப்போது எழுந்து நின்று சொல்ல என்னால் முடியாது. புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கில்லை, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூட உன்னைத்தான் சொல்ல வைத்தேன். மைக்கிலும் வரவில்லை, என் வாயிலும் வரவில்லை, பாடின மனுஷனுக்கு இந்த ஊரில் பெயரே இல்லாமல் போயிற்று. எழுதலாம் என்று நினைக்கிறேன், எழுதுவதில் தப்பில்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் கிழித்து அந்த ஆள் கையில் கொடு, உன் அப்பா பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், எழுத்துக்கூட்டியாவது படிக்கட்டும்.

ஏகாம்பரம்.